இடைக்கழி நாடு: நம் வட்டாரத்தை அறிவோம்



நம் மருத்துவமனையைப் பார்வையிட வரும் சபையார் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் வழியெல்லாம் உல்லாச விடுதிகளும் சவுக்குத் தோப்புகளும் பண்ணை வீடுகளுமாக இருக்கிறதே, இங்கே உண்மையாகவே ஏழைகள் இருக்கிறார்களா?" நியாயமான கேள்விதான். காணிக்கை கொடுக்கிறவர்கள் அதைக் கேட்கத்தான் வேண்டும். இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இந்தப் பாடம்.

யோசுவா சீலோவில் ஒரு காரியம் செய்தார். அதுவரை சுதந்தர வீதம் கிடைக்காத கோத்திரங்களிலிருந்து ஆட்களைத் தெரிந்தெடுத்து, தேசம் முழுவதையும் நடந்து பார்த்து, விவரத்தைப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டு வரும்படி அனுப்பினார். பங்கு கொடுப்பதற்கு முன்னே நிலத்தைப் பற்றிய விவரம் தேவைப்பட்டது. நாமும் இந்த மாதம் அந்த ஆட்களைப்போல நம் வட்டாரத்தைக் கொஞ்சம் நடந்து பார்ப்போம். நிலம் யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டே நடப்போம். நம் வார்டில் படுத்திருக்கிறவர்களைப் புரிந்துகொள்ள அதுவே பெரிய உதவி.

கழியும் கடலும்

கடப்பாக்கம் சென்னைக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரிலும், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரிலும் இருக்கிறது. செய்யூர் வட்டத்தில், இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்த ஊர். இந்தப் பெயர்களிலேயே பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. பழைய தமிழ் இலக்கணத்தில் நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பட்டினம், பாக்கம் என்று பெயர். கடப்பாக்கம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் அந்த வரிசையில் வருகிறவை. கழி என்பது கடல்நீர் உட்புகுந்து தேங்கும் உவர்நீர்ப் பரப்பு. கழிகளுக்கு இடையே கிடக்கும் நாடு இடைக்கழி நாடு.

கிழக்கிலிருந்து மேற்காக நடந்தால் நிலம் பட்டை பட்டையாக மாறுவதைப் பார்க்கலாம். முதலில் கடற்கரை மணலும் மீனவர் குப்பங்களும். அடுத்து மணல் மேடுகள். அங்கே சவுக்கு, பனை, முந்திரி. அதற்குப் பின் ஓதியூர், முதலியார்குப்பம் பக்கத்துக் கழிவெளியும், அதனூடே ஓடும் பக்கிங்காம் கால்வாயும். கழியைத் தாண்டினால்தான் நெல் வயலும் ஏரிகளும். இன்னும் மேற்கே போனால் மதுராந்தகம், செங்கல்பட்டுப் பக்கத்துப் பாறைக் குன்றுகள்.

பெரிய ஆறு என்று சொன்னால் பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வேலூர், காஞ்சிபுரம் வழியாக வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் சேருகிறது. சேருகிறது என்பது மழைக்காலப் பேச்சு. ஆண்டின் பெரும்பகுதியில் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் மணல்தான் தெரியும். மேலே ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவும், வழி நெடுக நடந்த மணல் கொள்ளையும் அந்த ஆற்றைப் பாழாக்கியது ஊரறிந்த செய்தி.

ஆறு கைவிட்ட இடத்தில் ஏரிதான் சோறு போட்டது. இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில புயல்களில், சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்காவிட்டால் சித்திரையில் குடிக்கவும் இருக்காது. ஆகவே முன்னோர்கள் ஏரிக்குக் கீழே ஏரி என்று சங்கிலியாக வெட்டினார்கள். செங்கல்பட்டை இன்றும் ஏரி மாவட்டம் என்கிறோம். பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரியைப் பராமரிக்கத் தனியே ஒரு வாரியம் இருந்ததையும், அதற்கு ஆட்களைக் குடவோலையால் தெரிந்தெடுத்ததையும் சொல்லுகின்றன. ஆனால் அந்த ஓலையில் பெயர் எழுதப்பட வரி செலுத்தும் சொந்த நிலம் இருக்கவேண்டும் என்பது விதி. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வேடந்தாங்கல் ஏரியை உங்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். அங்கே பறவைகளைக் காப்பாற்றியவர்கள் முதலாவது அந்த ஊர் விவசாயிகளே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது அவர்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டு எழுத்து மூலமாக உரிமை பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒரு பழம்பாட்டில் நம் ஊர்

சங்கப் பாடல்களில் பத்துப்பாட்டு என்ற தொகுப்பு உண்டு. அதில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன் என்ற தலைவனிடம் போ, அவன் உன் வறுமையைத் தீர்ப்பான் என்று ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுவதாக அமைந்த பாட்டு அது. வழியில் வரும் எயிற்பட்டினத்தை நம் தெற்கு எல்லையிலுள்ள மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

அந்தப் பாட்டில் பசியைப் பற்றிய ஒரு காட்சி உண்டு. பாணன் வீட்டில் அரிசி இல்லை. மனைவி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு அதைப் பங்கிட்டு உண்கிறாள். அதே பாட்டில் உப்பு வணிகரின் வண்டிகளும் போகின்றன. உப்பு விளையும் கரையில் உப்பில்லாத கீரை! இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகான பழமையுடைய பாட்டு என்பார்கள். மரக்காணத்து உப்பளங்கள் இன்றும் இருக்கின்றன. வெயிலில் உப்பு வாருகிறவர்களின் கண்ணையும் காலையும் நம் புறநோயாளிப் பிரிவு அறியும்.

கோட்டைகளும் குத்தகைகளும்

மாமல்லபுரத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர்களின் துறைமுகம். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டிலேயே துணி வியாபாரத்துக்கு வந்து கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைக் கற்களை அங்கே இன்றும் பார்க்கலாம்.

கடப்பாக்கத்தின் கோட்டை ஆலம்பரை. முகலாயர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டது. படகுத்துறையும் நாணயச் சாலையும் இருந்தன. சரிகைத் துணி, உப்பு, நெய் முதலியன இங்கிருந்து கப்பலேறின. 1750-இல் முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்குக் கொடுத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1760-இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்துப்போட்டார்கள். மிச்சமிருந்ததிலும் ஒரு பகுதியை 2004 டிசம்பர் 26 சுனாமி உடைத்தது. இன்று சினிமாக்காரர்களும் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். கோட்டையைச் சுற்றிக் குடியிருக்கும் மீனவர்களைப் பற்றி அங்கே ஒரு பலகையிலும் எழுதியிருக்காது.

கோட்டைகளைவிட நம்மைப் பாதித்தது இன்னொரு சம்பவம். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி உடனே கணக்கெடுக்கத் தொடங்கியது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறக்குறைய இரண்டாயிரம் கிராமங்களை அளந்து, வீடு, வயல், ஏரி, சாதி, தொழில் எல்லாவற்றையும் எழுதினார். ஊர்க்கணக்கர்கள் வைத்திருந்த ஓலைகளும் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்திருக்கின்றன. அறுவடையில் களத்து மேட்டிலேயே கொல்லன், தச்சன், வண்ணான், வெட்டியான், ஏரி, கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் நெல்லில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அவற்றில் பார்க்கிறோம். சமமான பங்கு அல்ல, ஆனால் பங்கு. 1780-இல் ஐதர் அலியின் படை வந்தது. போரும் பஞ்சமும் கிராமங்களைக் காலி செய்தன. அதன்பின் கம்பெனி வரி வாங்குவதற்கு மிராசுதாரர்களைப் பிடித்துக்கொண்டது. களத்துப் பங்குகள் மெல்ல மெல்லத் தேய்ந்தன.

இன்னொரு பஞ்சம் 1876–78, தாது வருஷப் பஞ்சம். அப்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்ட பகுதிகளும் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் பக்கிங்காம் கால்வாய். 1878-இல் கவர்னரின் பெயரால் அப்படி அழைக்கப்பட்டது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை படகுகள் போய்வந்தன. விறகும் உப்பும் அதன் வழியே சென்னைக்குப் போயின. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து தளர்ந்துபோயிற்று. சுனாமியின்போது பல இடங்களில் இந்தக் கால்வாய் அலையை வாங்கிக்கொண்டு உள்ளூர்களைக் காத்தது. கூலிக்காகப் பசியோடு மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய் அது.

குடியிருக்கும் மண்ணும் சொந்தமில்லை

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், அன்று பறையர் என்று அழைக்கப்பட்ட பண்ணைத் தொழிலாளரின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். உழைக்கிறவனுக்கு வயல் இல்லை என்பது மாத்திரமல்ல, குடிசை நிற்கும் இடமும் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையே போய்விடும். தரிசு நிலத்துக்கு மனுப்போட்டாலும் மிராசுதாரர் தடுத்துவிடலாம் என்பதை அவர் விவரமாகக் காட்டினார். செங்கல்பட்டிலிருந்த ஸ்காட்லாந்து மிஷன் போதகர் ஆடம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பக்கத்து வெஸ்லியன் மிஷன் போதகர் வில்லியம் கௌடி ஆகியோரும் இதற்காக வாதாடினார்கள். 1892-இல் அரசாணை பிறந்தது. அதன்படி ஒதுக்கப்பட்டவற்றையே பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. குறிப்பிட்ட காலம்வரை விற்கக்கூடாது. பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை.

மிஷனரிகளைப் புகழுவதற்காக இதை எழுதவில்லை. தைரியமாக மனுவில் கைநாட்டு வைத்த குடியானவர்களின் தைரியம் மிஷனரியின் தைரியத்தைவிடப் பெரியது. அவர்களுக்கு ஓடிப்போக வேறு தேசம் இல்லை. நம் சபைகளிலும் இருக்கைகளில், கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கோடு இருந்தது; சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நமக்கு அழகல்ல.

நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலமோ கைமாறியது. கடனுக்கும், பயத்துக்கும், தெரியாமல் வைத்த கைநாட்டுக்கும் போயிற்று. 1994-இல் காரணை என்ற கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான பின்பு இந்தக் கரையில் மண்ணின் விலை எங்கேயோ போய்விட்டது. விலை ஏறியதில் லாபம் அடைந்தவர் யார் என்று கேட்டால், முன்பு பத்திரம் வைத்திருந்தவர்களே. நம் தாய்மார் வார்டில் பத்திரம் இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். விடுதிகளும் ஏழைகளும் ஒரே சாலையில் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு என் பதில் இதுவே.

குப்பத்திலும் இதே கதைதான், வேறு உருவத்தில். பட்டினவர் சமுதாயத்தாருக்குக் கடற்கரை பொதுநிலம்: வலை உலர்த்த, படகு ஏற்ற, மீன் காயவைக்க. பொதுநிலத்துக்கு யார் பெயரிலும் பட்டா இல்லை. சுனாமிக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைப் பைபர் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. கரையோ அரிப்பாலும் வேலிகளாலும் சுருங்கி வருகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, மேலே ஏற்றி வைக்க இடமில்லாத படகுகளும் வலைகளுமே முதலில் சேதமாயின.

மருத்துவ உலகம் அறிந்த செங்கல்பட்டு

நம் வட்டாரத்தின் பெயர் உலகம் முழுவதும் மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? 1925-இல் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் ஒரு தொழுநோய்க் குடியிருப்பு தொடங்கப்பட்டது. பின்னர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே தலைமை வகித்துச் செய்த ஆராய்ச்சி, நோயாளியை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த காலத்துக்கு முடிவு கட்ட உதவியது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் ஆக்கியது. (நம் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் குஷ்டரோகம் என்று இருக்கிறது. வாசிக்கும்போது வாசியுங்கள். நோயாளியிடம் பேசும்போது தயவுசெய்து தொழுநோய் என்றே சொல்லுங்கள்.)

1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வைச் செங்கல்பட்டு ஆய்வு என்றே உலகம் அழைக்கிறது. அந்தக் கிராமங்கள் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் அந்த ஆய்வில் பங்குபெற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற ஏமாற்றமான முடிவு வந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து காப்பதால் பிறந்தவுடன் அதைப் போடுகிறோம். தடுப்பூசியை நம்பிப் பெரியவர்களைக் கவனிக்காமல் விடக்கூடாது, சளியைப் பரிசோதித்து மருந்து கொடுத்தே தீரவேண்டும் என்று உலகம் கற்றது ஏழைக் கிராமத்தாரின் பொறுமையால்.

இருளர்

கடைசியாக, எண்ணிக்கையில் சிறிய, ஆனால் நாம் மிகவும் கடன்பட்டிருக்கிற ஒரு மக்கள். இருளர்கள் காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் வாழ்ந்து, எலி பிடித்தும் பாம்பு பிடித்தும் பிழைத்தவர்கள். முன்பு பாம்புத் தோலை விற்றார்கள். 1972 வனவிலங்குச் சட்டமும் 1976-இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-இல், ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சுமார் மூன்று வாரம் பானைகளில் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் இந்தச் சங்கத்திலிருந்தே போகிறது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. நமக்கு அறுவடையும் மழையும் சேரும் மாதங்களில் அதிகம் வருவார்கள். கடிபட்ட ஒருவருக்கு முதல் தவணையாகவே 8 முதல் 10 குப்பி தேவைப்படும். நம் செலவுக் கணக்கில் அந்த வரி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதைச் சொல்லுகிறேன். நாட்டுக்கே விஷம் எடுத்துக் கொடுக்கும் இருளர் குடும்பத்தினரும் அந்தக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி கேட்டால் அவர்களில் சிலர் ஒரு ஏரிக்கரையின் பெயரைத்தான் சொல்லுவார்கள், தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. பட்டா இல்லாததால் ரேஷன் கார்டு தாமதம், ரேஷன் கார்டு இல்லாததால் காப்பீட்டு அட்டை தாமதம்.

உங்கள் ஊர்களிலும் பயன்படும் என்பதால், எங்கள் டாக்டர்கள் கிராமக் கூட்டங்களில் சொல்லுவதை இங்கே எழுதிவிடுகிறேன். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எதுவானாலும் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு சட்டத்தோடு சேர்த்து அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை. கட்டு விரியன் பெரும்பாலும் இரவில், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கிறது. வலியும் வீக்கமும் தெரியாமலே இருக்கலாம். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி என்று ஒருவர் எழுந்து, கண் இமை திறக்க முடியாமல் தொங்கினால், பித்தம் என்று சொல்லிக் கஷாயம் கொடுத்துக்கொண்டிராமல் உடனே வண்டி பிடியுங்கள்.